அக்காவின் கைக்கு ஒரு துப்பாக்கி

நியூசிலாந்தின் ஆக்லாந்துத் தமிழர்களில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. 'பீச்சாங்கை அக்கா' என்றால் தெரியும். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவர் திரும்பிப் பார்த்து "என்னாது?" என்று சாதாரணமாகக் கேட்டிருப்பார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு ஒரு பாத்திரம் சமைத்துக்கொண்டு போய்ப் பகிர்ந்து சாப்பிடுவோம். அங்கேதான் அந்தப் பெயர் பிறந்தது. ஊரே வலது கையால் பிசைந்துகொண்டிருக்கும்போது இவர் ஒருவர் மட்டும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் இடது கையால் சாம்பார் சாதத்தை உருட்டி வாயில் போட்டுக்கொள்வார். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தொண்டையில் இறங்காது.

ஒரு தடவை பொறுக்க முடியாமல் ஒரு பெண்மணி, "அந்தக் கையால போய்..." என்று இழுத்தார்.

"ரெண்டு கையும் ஒரே சோப்புலதான் கழுவறேன் லா," என்றார் அக்கா தன் மலேசிய வழக்கில், அடுத்த உருண்டையை உருட்டியபடி.

அவர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கை கழுவுவதைப் பற்றி அவரிடம் யாரால் வாயைத் திறக்க முடியும்? அந்தப் பெண்மணி பாயசம் வாங்கப் போய்விட்டார்.

நான் மதுரைக்காரி. தொண்ணூறுகளின் நடுவில் என் கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் வீடு. ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர். அவர் கணவர் அக்கவுண்டன்ட். பூனைக்குட்டியைக்கூட அதட்டத் தெரியாத மனிதர். நான் அவரை அண்ணன் என்பேன். குடிவந்த அன்றே அக்கா வேலிக்கு மேலாக எலுமிச்சம்பழங்களை நீட்டினார், இடது கையால். நான் பழக்க தோஷத்தில் ஒரு நொடி தயங்கினேன்.

"வாங்கிக்க மா. கடிக்காது," என்றார்.

பழத்தைச் சொன்னாரா கையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டேன். அன்று தொடங்கிய சிநேகம்.

ஆள் ஐந்தடிகூட இருக்க மாட்டார். ஐம்பதைத் தொட்டவர். காதோரம் நரைத்த முடியை மைபூசி மறைக்கிற பழக்கம் இல்லை. தியேட்டரில் கட்டு வெட்டுகிற கத்தரிக்கோல் எல்லாம் வலக்கைக்காரர்களுக்காகச் செய்தவை என்பதால், இடக்கைக்குச் செய்த கத்தரிக்கோல் ஒன்றை எங்கிருந்தோ தேடி வரவழைத்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். என் வீட்டு உருளைக்கிழங்கு சீவியைக் கையில் எடுத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "இது ஒன் கைக்குச் செஞ்சது" என்று திருப்பி வைத்துவிடுவார். மறுநாள் அவருடைய சீவியோடு வந்து கிழங்கு முழுவதையும் சீவிக் கொடுப்பார். அவருடைய கொள்கை மொத்தமும் ஒரு வரிதான்: "சாமான் எனக்குப் பொருந்தணும். நான் சாமானுக்குப் பொருந்த மாட்டேன்."

செருப்பு வாங்க அவரோடு போவது பெரிய தண்டனை. கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பார், திரும்ப நடப்பார், கழற்றுவார். விற்கிற பெண், போகப் போகச் சரியாகிவிடும் என்பாள். "எது? செருப்பா, காலா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். நான்கைந்து கடை ஏறி இறங்கி வெறுங்காலோடு வீடு திரும்பாத குறை. செருப்புக்கே இந்தப் பாடென்றால் துப்பாக்கிக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், துப்பாக்கி. அக்கா மான் வேட்டைக்குப் போவார். எனக்கு இது தெரியவந்த விதம் மோசமானது. சர்க்கரை கடன் கேட்க அவர் கராஜுக்குள் நுழைந்தேன். உத்தரத்தில் தோலுரித்த முழு மான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக முட்டைகூடத் தொடாத குடும்பத்துக்காரி நான், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"பாவம்க்கா அது," என்றேன், மூச்சு வந்த பிறகு.

"பாவம்தான். நீ ஊத்திக்கிற தயிருக்குப் பின்னால எந்தக் கன்னுக்குட்டிக்கு என்ன ஆச்சுன்னு ஒனக்குத் தெரியாது. என் சட்டியில இருக்கறதுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும். கூடவே நின்னு பாத்துட்டுத்தான் கொண்டு வந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது, சர்க்கரையை வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் நான் மாமிசம் தொட்டதில்லை, அவரும் ஒரு நாள்கூடச் சாப்பிட்டுப் பார் என்றதில்லை. என் வீட்டுக்கு வந்தால் ரசமும் அப்பளமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிறவர்கள் வேட்டைக்குப் போகும்போது அவர்களோடு சேர்ந்து போய், அவர்கள் பக்கத்தில் நிற்க, அவர்களுடைய ரைபிளால் சுட்டுப் பழகியிருந்தார். எல்லாம் வலக்கை ரைபிள்கள். ஒரு தோட்டாவைச் சுட்டு முடித்ததும் அடுத்ததை ஏற்ற, ரைபிளின் வலது பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். இடது தோளில் வைத்துச் சுடுகிறவர் அதற்காகக் கையை மாற்றி, துப்பாக்கிக்கு மேலாக எட்டிப் பிடித்து, கண்ணை இலக்கிலிருந்து எடுத்து, பெரிய சர்க்கஸ். முதல் வெடி தவறினால் மான் அடுத்த மலைக்குப் போய்விடும். அக்கா இத்தனை வருடமும் முதல் வெடியிலேயே அடித்தாக வேண்டியிருந்தது. அதனால்தான் நன்றாகச் சுடக் கற்றுக்கொண்டேன் என்பார்.

சொந்தத் துப்பாக்கி ஆசை வந்ததற்குக் காரணம் அவர் தம்பி. கனடாவின் மேற்குக் கோடியில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு காகித ஆலையில் வேலை. அங்கே கரடி வேட்டை உண்டு. வருடா வருடம் போன் செய்து, "அக்கா, ஒரு தடவ வந்துட்டுப் போ. ரெண்டு பேரும் கரடிக்குப் போவோம்," என்று கூப்பிடுவார். வந்தால் என் ரைபிளில் ஒன்று தருகிறேன் என்பார். அங்கேதான் அக்கா முரண்டு பிடித்தார். போனால் சொந்தத் துப்பாக்கியோடு, சொந்தத் தோளில் வைத்து.

அதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஒரு நாள் என் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். அவர் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி வைத்துக் காட்டுப்பன்றி சுடுவார். தம்பிக்கு மீசை அரும்புவதற்கு முன்பே துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். மூத்தவளான அக்காவும் கேட்டார்.

"'பொம்பளப் புள்ள. அதுலயும் பீச்சாங்கை. ஒனக்கு எதுக்கு?'ன்னார். அவ்ளோதான் பேச்சு."

"சின்ன வயசுல கைய மாத்தப் பாக்கலையா?"

"பாக்காம? சாப்புடும்போது துண்டு வச்சு இந்தக் கைய நாக்காலியோட கட்டிருவார். நான் பல்லால அவுத்துருவேன். திரும்பக் கட்டுவார். சோறு ஆறிப் போயிரும், ரெண்டு பேருக்கும்." சிரித்தார். "கெட்ட மனுசன் இல்ல மா. கட்டிக் குடுத்தா மாமியா வீட்டுல என்ன சொல்வாங்கன்னு பயம். என் கையில தப்பு இருக்குன்னு கடைசி வரைக்கும் நெனப்பு."

அவர் அப்பா அப்போது ஈப்போவில் உயிரோடு இருந்தார். எண்பதைத் தாண்டியவர், காது மந்தம். மகள் ஆஸ்பத்திரியில் எத்தனை பேருடைய உயிர் காக்கிற வேலையில் இருந்தாலும், போனில் பேசும்போது "எழுதறது இன்னும் அந்தக் கையிலதானா?" என்று கேட்பாராம். இதைச் சொல்லும்போதுதான் அக்காவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கரடியை எந்தக் கையால் எந்தத் துப்பாக்கியை வைத்துச் சுடுகிறார் என்பது அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்கு அன்று புரிந்தது.

முதலில் லைசென்ஸ். இந்த ஊரில் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டால் போலீஸ் தரப்பிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, கேட்டவரின் கணவரையோ மனைவியையோ உட்கார வைத்து, இவர் எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பார். உறவில்லாத இன்னொருவரையும் விசாரிப்பார். அந்த இன்னொருவர் நான். அதிகாரி வந்த அன்று அக்கா வீட்டு வரவேற்பறையில் அண்ணன் பக்கத்தில் நானும் இருந்தேன். அக்கா உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார்.

மனைவிக்கு எப்படியாவது லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. நம் ஆட்களுக்குச் சிபாரிசு என்றால் புகழ்ச்சிதானே. புகழ ஆரம்பித்தார். என் மனைவிக்குப் பயம் என்பதே கிடையாது என்றார். கோபம் வந்தால் ஆண்கள்கூட எதிரே நிற்க முடியாது என்றார். அதிகாரியின் பேனா நின்றது. அது நல்ல அறிகுறி என்று நினைத்து, ராத்திரி திருடன் யாராவது வந்தால் ஒரே வெடியில் தீர்த்துவிடுவாள், எங்கள் தெருவுக்கே காவல் என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொல்லி முடித்தார்.

 இந்த நாட்டில் ஆளைச் சுடத் துப்பாக்கி என்று வாய் தவறிச் சொன்னால்கூட லைசென்ஸ் கிடையாது. எனக்கே அது தெரியும். நான் அண்ணனின் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

அக்கா டீத் தட்டோடு வந்து அதிகாரிக்கு எதிரில் உட்கார்ந்தார். அண்ணன் சொன்னதை வைத்தே அவர் அக்காவிடம் கேட்டார். திருடன் வந்தால் என்ன செய்வீர்கள்?

"போலீசுக்குப் போன் பண்ணுவேன்," என்றார் அக்கா. "துப்பாக்கி இரும்புப் பெட்டிக்குள்ள இருக்கும். தோட்டா வேற ரூம்புல பூட்டி இருக்கும். சாவி எங்க வச்சேன்னு இவர் கண்ணாடி போட்டுக்கிட்டுத் தேடறதுக்குள்ள திருடன் டீவியத் தூக்கிட்டுப் போயிருப்பான். போகட்டும். பழைய டீவி." இதை ஆங்கிலத்தில்தான் சொன்னார், என் காதில் விழுந்தது இப்படித்தான்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என்னிடம் திரும்பி, இவரைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். நான் ஒரே ஒரு விஷயம் சொன்னேன்: இவர் ஒரு செருப்பு வாங்குவதற்கு முன் எவ்வளவு யோசிப்பார் என்று. அவர் அதை எழுதிக்கொண்டார். லைசென்ஸ் வந்தது. அண்ணன் தன்னுடைய பேச்சால்தான் வந்தது என்று இன்றுவரை நம்புகிறார்.

இனிமேல்தான் உண்மையான கூத்து. ஏறத்தாழ ஒரு வருடம் அக்கா துப்பாக்கி பார்த்தார். பெண் பார்ப்பதுபோல் என்று அண்ணன் கிண்டல் செய்வார். நீங்கள் பெண் பார்க்க இவ்வளவு நாள் எடுத்திருந்தால் உங்களை எனக்குப் பிடித்திருக்காது என்று அக்கா திருப்பிக் கொடுப்பார். பாபகூராவில் ஒரு துப்பாக்கிக் கடை. எனக்கு அப்போது வேலை கிடைத்திருக்கவில்லை என்பதால் அக்காவுக்கு வார நாளில் ஓய்வு வந்தால், "வா மா, காடியில ஏறு," என்று என்னையும் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு தெற்கு மோட்டார்வேயில் கிளம்பிவிடுவார். துப்பாக்கிக் கடையில் நெற்றியில் குங்குமத்தோடு நிற்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கடைக்காரர் தாடி வைத்த வெள்ளைக்காரர். நல்ல மனிதர், பிடிவாதக்காரர். முதல் நாள் அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒல்லியான ஒரு ரைபிளை எடுத்து வைத்தார். குண்டு சின்னது, உதை குறைவு, பெண்களுக்கு ஏற்றது என்றார். அக்கா அதை இடது தோளில் வைத்தார். கைப்பிடி வலது பக்கம்.

"இது உங்க கைக்குச் செஞ்சது," என்று திருப்பிக் கொடுத்தார். "இந்தக் குண்ட வச்சுக் கரடிகிட்டப் போனா அது என்னப் பாத்துச் சிரிக்கும்."

இடக்கைக்காரர்களுக்கு என்றே தனியாகச் செய்த ரைபிள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், மாதக்கணக்கில் ஆகும், அதிலும் நீங்கள் கேட்கிற அளவு கிடைக்காது என்றார் கடைக்காரர். அக்கா உதட்டைப் பிதுக்கினார். அவர் கண் சுவரின் மேல்வரிசையில் இருந்தது. அங்கே லீவர் ரைபிள் ஒன்று தொங்கியது. விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். விரல்களை அதற்குள் விட்டுக் கீழே தள்ளி மேலே இழுத்தால் பழைய தோட்டா வெளியே போய்ப் புதியது உள்ளே ஏறிவிடும். அந்த வளையம் நட்ட நடுவில் இருக்கிறது. இந்தக் கை, அந்தக் கை என்கிற வித்தியாசமே அதற்குக் கிடையாது. தோளிலிருந்து துப்பாக்கியை எடுக்காமலே, இலக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்ததற்குத் தயாராகிவிடலாம்.

அக்கா அதை இடது தோளில் வைத்து, வளையத்தை ஒரு தடவை தள்ளி இழுத்தார். கடக், கடக். அவர் முகத்தைப் பார்த்தேன். திருவிழாவில் தன் கைக்கு அளவான வளையல் கிடைத்த சிறுமியின் முகம்.

"பாத்தியா? இது கேக்கவே இல்ல," என்றார் என்னிடம்.

"என்ன கேக்கலக்கா?"

"நீ எந்தக் கைன்னு."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் ஆரம்பித்தது. லீவர் ரைபிளிலேயே எத்தனை விதம்! முதலில் பார்த்தது நடுத்தரக் குண்டு. இங்கே மானுக்குத் தாராளம். ஆனால் தம்பி ஊரில் கறுப்புக் கரடியைத் தேடிப் போகிற இடத்தில் பெரிய பழுப்புக் கரடி எதிரே வந்துவிடுவதும் உண்டாம். இன்னொன்று கைத்துப்பாக்கித் தோட்டாவைப் போடுகிற குட்டை ரைபிள். தூக்க லேசு, அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் பெரிய வாய் உள்ள ரைபிள். அதன் தோட்டா என் கட்டைவிரலைவிடப் பருமன். 'நாற்பத்தைந்து எழுபது' என்று பெயர். ஏதோ வீட்டு இலக்கம் மாதிரி. கனமான குண்டு, மெதுவாகப் போகும், தூரம் போனால் சரிந்து விழும். கிட்டத்தில் அதை வாங்கிக்கொண்டு நிற்கிற மிருகம் இல்லை.

தூரத்து மலைச்சரிவில் நிற்கிற மானை இதை வைத்து அடிக்க முடியாதே என்றார் கடைக்காரர். அக்கா போகிற காடு அடர்ந்த காடு. பெரணியும் புதருமாக, நாற்பது ஐம்பது தப்படிக்கு மேல் எதுவும் தெரியாது. தெரியாத தூரத்துக்குச் சுடுகிற துப்பாக்கி எனக்கு எதற்கு என்றார். உடனே கடைக்காரர் கட்சி மாறி, இந்தக் கனக் குண்டு இலை தழைகளைக் கிழித்துக்கொண்டு நேரே போகும் என்று புகழ்ந்தார். அக்கா அதற்கும் விடவில்லை.

"எல தெரிஞ்சா நான் சுட மாட்டேன். மான் முழுசாத் தெரிஞ்சாத்தான் சுடுவேன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? செருப்புக் கடைப் பெண் பட்ட பாட்டை அவருக்குச் சொல்ல நினைத்தேன்.

பிறகு அக்காவின் பரீட்சை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, வெறும் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறப்பார். முன்னால் இருக்கிற குறியும் பின்னால் இருக்கிற குறியும் தானாக ஒரே கோட்டில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தோளில் பதிகிற மரக்கட்டை நீளம்; ஆறடி மனிதனின் கைக்குச் செய்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு கண்ணை நகர்த்தினால்தான் வந்தது.

"பழகிக்கொண்டால் சரியாகிவிடும்," என்றார் கடைக்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வார்த்தையைப் போய் அவரிடம் சொல்லலாமா?

"கட்டைய வெட்டுங்க," என்றார் அக்கா.

அருமையான வால்நட் கட்டை, வெட்டினால் திரும்ப விற்க முடியாது என்று அவர் பதறினார்.

"விக்கவா வாங்கறேன்?"

வெட்டினார்கள். அக்கா கண்ணை மூடித் தூக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்றார். வெட்டினார்கள். கடைசியாகக் கண்ணைத் திறந்தபோது குறி இரண்டும் ஒரே கோட்டில் இருந்தன. துப்பாக்கியைக் கீழே இறக்காமல் அப்படியே நின்றார். கடைக்காரர் தாடியைச் சொறிந்துகொண்டு, இவ்வளவு வருடத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை என்றார். அதில் எரிச்சல் இருந்தது, மரியாதை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

உதையைப் பற்றிச் சொல்ல மறந்தேன். குறிபழகும் மைதானத்தில் முதல் வெடிக்கு அக்காவின் தொப்பி பறந்து பின்னால் உட்கார்ந்திருந்த என் மடியில் விழுந்தது. மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். கத்தரிக்காய் நிறம். எனக்குக் கண் கலங்கியது. அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "என் தோளுன்னு கண்டுபிடிச்சு ஒதச்சிருக்கு பாரு!" அடுத்த மாதங்களில் நிற்பதையும் சாய்வதையும் திருத்தித் திருத்தி அந்த உதையை வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டார். துப்பாக்கிக்கு அவர் பொருந்திய ஒரே இடம் அதுதான். அதைச் சொல்லிக் காட்டினேன்; கேட்காதவர்போல் எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் விட்டார்.

இங்கே இலையுதிர் காலம், அங்கே வசந்தம். அக்கா கனடா போனார். எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பீச்சாங்கை அக்கா கரடி பிடிக்கப் போயிருக்கிறார் என்று எங்கள் பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து கிளென் ஈடன் வரை ஒரே சிரிப்பு. கரடியே இடது கையால் ஆசீர்வாதம் பண்ணி அனுப்பும் என்று ஒருவர் சொன்னது என் காதுக்கு வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் வீட்டு வளைகாப்புக்கு நான் போகவில்லை. இந்த அம்மாள் வெறுங்கையோடு திரும்பி வரக் கூடாதே என்று, வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மிருகம் சாக வேண்டும் என்று சாமி கும்பிட்டேன். முருகன் என்ன நினைத்துக்கொண்டாரோ.

வந்திறங்கிய மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். ரசம் வைக்கச் சொன்னார். சாப்பிட உட்கார்ந்ததும் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். மரம் வெட்டுகிறவர்கள் போட்டுப் பிறகு விட்டுப்போன ஒரு பழைய பாதை. பனி உருகிப் புல் முளைத்திருக்கும் இடம். அதைத் தின்னக் கரடி வரும். அக்காவும் தம்பியும் விழுந்து கிடந்த மரத்தில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். முன்னாலும் இடது பக்கமும் வெட்டவெளி. கரடி வந்தால் அங்கேதான் வரும் என்று தம்பி சொல்லியிருந்தார்.

"வந்துச்சு. வலது பக்கம்."

"பழுப்பா?"

"கறுப்பு. பெருசு. தம்பி ரைட் கை. அவன் எடது பக்கம் ஈசியாத் திரும்பலாம். வலது பக்கம் சுடணும்னா எந்திரிச்சு, காலு மாத்தி, ஒடம்பு பூரா திருப்பணும். ஒரு குச்சி ஒடஞ்சா போச்சு. அப்படியே ஒறைஞ்சு உக்காந்துட்டான். எனக்கு என்ன? தோள் இந்தப் பக்கம். சும்மா இடுப்ப மட்டும் இப்படித் திருப்பினேன்." சோற்றுக் கையோடு நாற்காலியில் திரும்பிக் காட்டினார். அவ்வளவு சுலபமான ஒரு திரும்பல்.

"உடனே சுட்டீங்களா?"

"சீச்சி. பின்னால குட்டி இருக்கான்னு பாத்தேன். இல்ல. எல மறைக்குதான்னு பாத்தேன். ஒரு அடி வச்சு அதுவா முழுசா வெளிய வந்துச்சு. கன்னத்த வச்சேன், குறி ரெண்டும் அங்கயே இருந்துச்சு. ஒரே வெடி. வளையத்த இழுத்துட்டு ரெண்டாவதுக்குக் காத்துருக்கேன், தேவையே படல. பத்தடி போயி ஒக்காந்துருச்சு."

தம்பி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி மரத்தில் உட்கார்ந்தாராம். பிறகு, "அக்கா, நான் திரும்பியே இருக்க முடியாது. ஒன் கைய மாத்தியிருந்தா இந்தக் கரடி இன்னைக்கு வீட்டுக்குப் போயிருக்கும்," என்றாராம். அன்று தம்பி வீட்டில் கரடி இறைச்சி, மசாலா போட்டு, நர்ஸ் அக்கா சொன்னபடி நன்றாக வேகவைத்துச் சமைத்தார்கள். அது கொதித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி ஈப்போவுக்குப் போன் போட்டார். அப்பா காது மந்தம் என்பதால் போனில் கத்துவார். ரிசீவரை ஒரு முழம் தள்ளிப் பிடித்தாலும் அறை முழுக்கக் கேட்கும்.

கரடி கிடைத்தது என்றதும் அவர் கேட்டாராம். "யாரு, நீயா அடிச்ச?"

"இல்லப்பா. அக்கா."

"எத்தன வெடி?"

"ஒண்ணு."

"எந்தக் கையில?"

தம்பி அக்காவைப் பார்த்திருக்கிறார். அக்கா, 'சொல்' என்று தலையசைத்திருக்கிறார்.

"பீச்சாங்கைதான்பா."

 லைன் போய்விட்டதோ என்று தம்பி ஹலோ ஹலோ என்று தட்டியிருக்கிறார். அப்புறம் கிழவரின் குரல் வந்திருக்கிறது. கத்தாமல், சாதாரணமாக.

"கட்டிப் போட்டேனே டா. அதுதான் அவளுக்குச் சோத்துக்கைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. நல்லா சாப்புடச் சொல்லு."

அக்கா இதைச் சொல்லிவிட்டு ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை அழுது பார்த்ததே இல்லை. அன்றும் மூக்கை மட்டும் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ரசத்துல மொளகு தூக்கல் மா," என்றார். ரசம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அந்த நிமிடம் உண்டான பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் சுடவில்லை, நான் துப்பாக்கி தேடவில்லை, நான் அந்தக் கரடியைத் தின்னவும் இல்லை. ஆனாலும் எனக்கே யாரோ மாலை போட்டதுபோல் இருந்தது.

அடுத்த பொங்கலுக்கு அதே ஹால். சென்னையிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிர் வரிசையில் அக்கா சர்க்கரைப் பொங்கலை இடது கையால் வழித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என் காதருகே குனிந்து, "என்னங்க அவங்க, பீச்சாங்கையால சாப்பிடறாங்க?" என்றாள்.

நான் குரலைத் தணிக்கவில்லை. வளைகாப்புக்காரர் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் உயர்த்தினேன் என்றுகூடச் சொல்லலாம்.

"நல்லாப் பாத்துக்கம்மா," என்றேன். "அது கரடி அடிச்ச கை."